தன்னைத்தானே விசாரித்த தேசம்

நாஜி ஆக்கிரமிப்பு, வடகடல் எண்ணெய், சாமி இன மக்களின் போராட்டம், உட்டோயா படுகொலை... நூற்றிருபது ஆண்டுகளில் நார்வே கடந்து வந்த பாதையும், தன் தவறுகளுக்கு அது பதில் சொன்ன விதமும்.

2012 ஜனவரி 27. ஆஸ்லோ துறைமுகத்தில், அகெர்ஷுஸ் கோட்டையின் அடிவாரத்தில் நின்று நார்வே பிரதமர் ஜென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் பேசினார். 1942 நவம்பர் 26 அன்று அந்தத் துறையிலிருந்துதான் ‘டோனாவ்’ என்ற ஜெர்மன் கப்பல் 529 யூதர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஐந்து நாள் கழித்து அவர்கள் அவுஷ்விட்ஸ் முகாமில் இறக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் அனைவரும் வந்திறங்கியவுடனேயே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிரதமர் அன்று சொன்னது எதிரிகளைப் பற்றி அல்ல. வீடு வீடாகப் போய் அந்த யூதர்களைக் கைது செய்தவர்கள் நார்வே போலீஸார். அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த வாகனங்களை ஓட்டியவர்கள் நார்வே ஓட்டுநர்கள். இது நார்வே மண்ணில் நார்வேஜியர்கள் கைகளால் நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சம்பவம் நடந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

செல்வம், மகிழ்ச்சிப் பட்டியலில் முன்னிடம், அமைதிக்கான நோபல் பரிசு என்றுதான் உலகம் நார்வேயை அறிந்திருக்கிறது. அந்த நாட்டின் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு சித்திரம் தெரியும். அந்த நாடும் தவறு செய்தது. சில தவறுகள் கொடுமையானவை. அவற்றில் பலவற்றைப் பத்தாண்டுக் கணக்கில் மூடி மறைத்தது. பிறகு யாரோ ஒரு பத்திரிகையாளர், ஒரு வரலாற்றாய்வாளர், கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண், பனிமான் மேய்க்கும் ஒரு குடும்பம் கதவைத் தட்டினார்கள். திறக்கும்வரை தட்டினார்கள். தட்டுவதற்கு அங்கே கதவு இருந்தது என்பதுதான் நார்வேயின் நவீன வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.

மக்களைக் கேட்டுப் பிறந்த நாடு

1814-இல் டென்மார்க்கின் பிடியிலிருந்து விடுபட்ட நார்வே, எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடித் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. ஆனால், அதே ஆண்டில் சுவீடன் மன்னரின் கீழ் அதனுடன் இணைய நேர்ந்தது. சொந்த நாடாளுமன்றம் உண்டு. வெளியுறவு முழுக்க ஸ்டாக்ஹோமின் கையில். உலகெங்கும் வணிகக் கப்பல்களை ஓட்டிய நார்வேக்கு, வெளிநாட்டுத் துறைமுகங்களில் தன் கப்பல்களையும் மாலுமிகளையும் கவனிக்கச் சொந்தத் துணைத் தூதரகங்கள் வேண்டியிருந்தன. சுவீடன் மன்னர் மறுத்தார். 1905 ஜூன் 7 அன்று, பிரதமர் கிறிஸ்டியான் மிக்கெல்சன் தலைமையில், நாடாளுமன்றமான ஸ்டோர்டிங் அந்த இணைப்பு முடிந்துவிட்டதாக அறிவித்தது.

மக்கள் உண்மையிலேயே பிரிவை விரும்புகிறார்களா என்ற கேள்விக்கு ஆகஸ்ட் 13 அன்று வாக்கெடுப்பு பதில் சொன்னது. பிரிவுக்கு ஆதரவு 3,68,208 வாக்குகள். எதிர்ப்பு 184. அந்த வாக்கெடுப்பில் பெண்களுக்கு வாக்கில்லை. அதற்காக அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களின் கையெழுத்தைத் திரட்டி நாடாளுமன்றத்தில் சேர்த்தார்கள். 1913-இல் நார்வேப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

எல்லையில் இரு தரப்பும் படைகளை நிறுத்தியிருந்தன. ஆனாலும் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சுவார்த்தை நடத்தி, போரில்லாமல் பிரிந்தார்கள். புதிய நாட்டின் அரியணைக்கு டென்மார்க் இளவரசர் கார்ல் அழைக்கப்பட்டார். மக்கள் தன்னை விரும்புகிறார்களா என்று கேட்டுச் சொன்னால்தான் வருவேன் என்றார் அவர். நவம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு. ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் முடியாட்சிக்கு ஆதரவு அளித்த பிறகே, ஏழாம் ஹோகோன் என்ற பெயருடன் வந்திறங்கினார்.

பெரிய முடிவுகளை மக்களிடமே விடும் இந்த வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது. ஐரோப்பியச் சமூகத்தில் சேரலாமா என்று 1972-இல் கேட்டபோது 53.5 சதவிகிதத்தினர் வேண்டாம் என்றார்கள். பிரதமர் ட்ரிக்வே ப்ராட்டெலி பதவி விலகினார். 1994-இல் மறுபடியும் கேட்டார்கள். 52.2 சதவிகிதத்தினர் மறுத்தார்கள். நாட்டின் பெரிய கட்சிகளும் தொழில் நிறுவனங்களும் விரும்பியதை, மீனவர்களும் விவசாயிகளும் வடக்குப் பகுதி மக்களும் இரண்டு முறை நிறுத்திக் காட்டினார்கள்.

பழைய பீரங்கியும் மன்னரின் மறுப்பும்

1940 ஏப்ரல் 9, விடியற்காலை. நார்வே நடுநிலை நாடு. யாருடனும் போரில் இல்லை. ஆஸ்லோவுக்குச் செல்லும் குறுகிய கடற்கழியில் ஜெர்மன் போர்க்கப்பல் ‘ப்ளூஷர்’ நுழைந்தது. ஆஸ்லோவைக் கைப்பற்றி நிர்வகிக்க வேண்டியவர்கள் அதில் இருந்தார்கள். கரையில் இருந்த ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையில் பீரங்கிகள் ஏறக்குறைய ஐம்பது வருடப் பழையவை. அவற்றை இயக்கப் போதுமான பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை. கோட்டைத் தலைவர் பிர்கர் எரிக்சன் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். வருவது யார் என்று மேலிடத்திலிருந்து தெளிவான தகவல் இல்லை. சுடச் சொன்னார். இரண்டு குண்டுகள்; அடுத்து நீர்மூழ்கிக் குண்டுகள். ப்ளூஷர் எரிந்து மூழ்கியது.

அதனால் நார்வேக்குக் கிடைத்தது சில மணிநேரங்கள். அந்த நேரத்துக்குள் மன்னரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ரயிலேறித் தலைநகரைவிட்டு வெளியேறினார்கள். மத்திய வங்கியின் சுமார் 50 டன் தங்கம் லாரிகளில் ஏற்றப்பட்டது. அது பிறகு ரயிலிலும் மீன்பிடிப் படகுகளிலும் மாறி மாறிப் பயணித்து, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் நாட்டைவிட்டு வெளியேறியது. எல்வெரும் என்ற சிற்றூரில் கூடிய நாடாளுமன்றம், தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்தும் ஆட்சி நடத்தலாம் என்று அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

மறுநாள் ஜெர்மன் தூதர் மன்னரைச் சந்தித்தார். நார்வேயின் நாஜி ஆதரவாளர் விட்குன் க்விஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்க வேண்டும் என்பது ஹிட்லரின் கோரிக்கை. முந்தைய மாலையில் வானொலி நிலையத்துக்குப் போய்த் தன்னைத்தானே ஆட்சியாளராக அறிவித்துக்கொண்டவர் க்விஸ்லிங். மன்னர் ஹோகோன் தன் அமைச்சர்களிடம், மக்களின் நம்பிக்கையும் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையும் இல்லாத ஒருவரை நான் நியமிக்க முடியாது, நீங்கள் ஏற்பதாக இருந்தால் நான் முடி துறக்கிறேன் என்றார். அமைச்சரவை மன்னருடன் நின்றது. அடுத்த நாளே ஜெர்மன் விமானங்கள் அவர்கள் தங்கியிருந்த நீபெர்க்சுண்ட் கிராமத்தின்மீது குண்டு வீசின. மன்னரும் அமைச்சர்களும் பனிக்காட்டுக்குள் ஓடி உயிர் தப்பினார்கள். ஜூன் மாதம் வரை வடக்கில் போரிட்டபின் லண்டன் சென்றார்கள்.

உள்ளே இருந்தவர்கள் போராடிய விதங்களில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1942-இல், ஆசிரியர்கள் எல்லோரும் நாஜி சார்புச் சங்கத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று, ஜெர்மானியர் தயவில் அப்போது ஆட்சியில் அமர்ந்திருந்த க்விஸ்லிங் அரசு சட்டம் போட்டது. பிள்ளைகளுக்கு அந்தச் சித்தாந்தத்தைப் புகட்டுவதே நோக்கம். நாட்டில் இருந்த சுமார் 14 ஆயிரம் ஆசிரியர்களில் 12 ஆயிரம் பேர், ஒரே வாசகத்தைத் தனித்தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு மறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் சுமார் 500 பேர் கப்பலில் அடைக்கப்பட்டு வட கோடியில் இருக்கும் கிர்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனாலும் வகுப்பறையை வெல்ல முடியவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் ஆசிரியர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் நடந்த அநீதி

1945 மே 8 அன்று நார்வே விடுதலை பெற்றது. பின்வாங்கிய ஜெர்மன் படை வடக்கே ஃபின்மார்க் பகுதியை வீடு வீடாக எரித்திருந்தது. சுமார் 50 ஆயிரம் பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டிருந்தார்கள். துரோகிகள்மீது விசாரணை தொடங்கியது. 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. க்விஸ்லிங் 1945 அக்டோபரில் அகெர்ஷுஸ் கோட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இந்த நேர்மையான சினம் எல்லோர் மீதும் ஒரே அளவில் பாயவில்லை. ஆஸ்லோவில் யூதர்களைப் பிடிக்கும் நடவடிக்கையை நடத்திய போலீஸ் அதிகாரி க்னுட் ரோட். அவர்மீதான வழக்கில் இரண்டு முறை விடுதலைத் தீர்ப்பு வந்தது. மறைமுகமாக எதிர்ப்பியக்கத்துக்கு உதவினார் என்பது அவருக்குச் சாதகமாகக் கொள்ளப்பட்டது. அவர் மீண்டும் போலீஸ் வேலைக்குத் திரும்பி ஓய்வுபெறும்வரை பணியாற்றினார். நார்வேயிலிருந்து நாடுகடத்தப்பட்ட 773 யூதர்களில் உயிரோடு திரும்பியவர்கள் நாற்பதுக்கும் குறைவு. திரும்பியவர்கள் தங்கள் வீட்டையும் கடையையும் மீட்க அலைந்தபோது, அபகரித்த சொத்துகளை நிர்வகித்த அலுவலகங்கள் அவற்றிலிருந்து நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டன.

ஜெர்மன் சிப்பாய்களைக் காதலித்த பெண்களின் கதி வேறு. தெருவில் தலைமுடி மழிக்கப்பட்டது. ஆஸ்லோ கடற்கழியில் இருக்கும் ஹோவெடோயா தீவு முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். ஜெர்மானியரை மணந்தவர்களின் குடியுரிமையைப் பறித்து நாட்டைவிட்டே அனுப்பினார்கள். காதலித்தது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. அவர்களுக்குப் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளியிலும் தெருவிலும் அவமானத்தோடு வளர்ந்தார்கள். ‘அப்பா’ இசைக்குழுவில் பாடி உலகப் புகழ் பெற்ற அன்னி-ஃப்ரிட் லிங்ஸ்டாட் அப்படிப் பிறந்தவர்தான். பாட்டி அவரைக் கைக்குழந்தையாகவே சுவீடனுக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்.

வணிகக் கப்பல் மாலுமிகளையும் நாடு ஏமாற்றியது. லண்டனிலிருந்து இயங்கிய நார்வே அரசு சுமார் ஆயிரம் கப்பல்களை நேச நாடுகளுக்காக ஓட்டியது. அட்லான்டிக்கில் நீர்மூழ்கிகளுக்கு நடுவே எண்ணெயும் உணவும் சுமந்த அந்த மாலுமிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுக்கான சம்பள வித்தியாசத்தில் ஒரு பகுதி தனி நிதியில் வைக்கப்பட்டது. போர் முடிந்ததும் அது தங்களுக்கு வரும் என்று மாலுமிகள் காத்திருந்தார்கள். வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் 1954-இல் தோற்றார்கள். 1972-இல்தான் நாடாளுமன்றம் ஒரு தொகை கொடுத்தது. அதற்குள் பலர் குடியிலும் போர் நினைவுகளிலும் சிதைந்து போயிருந்தார்கள்.

இவை ஒவ்வொன்றும் எப்படி வெளிச்சத்துக்கு வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. யூதர் சொத்துகளைப் பற்றி 1995-இல் ப்யோர்ன் வெஸ்ட்லி என்ற பத்திரிகையாளர் ஒரு வணிக நாளிதழில் எழுதினார். அரசு குழு அமைத்தது. குழுவில் பெரும்பான்மையினர், இழப்பு ஏறக்குறைய ஈடு செய்யப்பட்டுவிட்டது என்றார்கள். பெரிட் ரெய்சல், ப்யார்டே ப்ரூலாண்ட் என்ற இருவர் மட்டும் அதை ஏற்கவில்லை. ஒரு சமூகமே துடைத்தழிக்கப்பட்டதைக் கணக்குப் புத்தகத்தால் மட்டும் அளக்க முடியாது என்று தனி அறிக்கை எழுதினார்கள். அரசு அந்தச் சிறுபான்மை அறிக்கையை ஏற்றது. 1999-இல் நாடாளுமன்றம் 45 கோடி குரோனர் ஒதுக்கியது. ஜெர்மானியருடன் உறவு வைத்த பெண்களிடம் 2018-இல் பிரதமர் எர்னா சோல்பெர்க் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க அவர்களில் மிகச் சிலரே உயிரோடு இருந்தார்கள்.

பாஸ்ராவிலிருந்து வந்தவர்

1968-இல் ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக் புவியியலாளர் ஆஸ்லோ வந்து இறங்கினார். மனைவி நார்வேக்காரர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகனுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் என்பதற்காகவே பாஸ்ராவில் பார்த்த உயர்ந்த வேலையை விட்டு வந்திருந்தார். ரயிலுக்கு நேரம் இருந்ததால் தொழில் அமைச்சகத்துக்குப் போய், நார்வேயில் எண்ணெய் தேடும் நிறுவனங்களின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். அங்கே எண்ணெய் விவகாரங்களைக் கவனித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. வடகடலில் தோண்டிய கிணறுகளின் அறிக்கைகள் குவிந்து கிடந்தன. படித்துச் சொல்ல ஆள் இல்லை. அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த அறிக்கைகளைப் படித்த அல்-காசிம், இங்கே எண்ணெய் இருக்கிறது என்பதில் உறுதியாக இருந்தார். 1969 இறுதியில் ஃபிலிப்ஸ் நிறுவனம் எக்கோஃபிஸ்க்கில் பெரும் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. எண்ணெய் வளத்தை அந்நிய நிறுவனங்களிடம் விட்டுவிட்டு ராயல்டி மட்டும் வாங்கிய நாடுகளின் நிலை என்னவென்று ஈராக்கில் பார்த்தவர் அவர். அரசு நிறுவனமே எல்லாவற்றையும் விழுங்கினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். 1972-இல் நாடாளுமன்றம் இரண்டு அமைப்புகளைத் தனித்தனியாக உருவாக்கியது. ஒன்று, வணிகம் செய்யும் அரசு நிறுவனம் ஸ்டாட்டாயில். மற்றொன்று, அதையும் சேர்த்துக் கண்காணிக்கும் பெட்ரோலிய இயக்ககம். எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் 78 சதவிகிதம் வரியாக அரசுக்கு வரும் ஏற்பாடு நிலைபெற்றது.

வந்த பணத்தை உடனே செலவு செய்தால் விலைவாசி ஏறும், மற்ற தொழில்கள் நசியும், அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் 1990-இல் எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் நிதியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1996-இல் முதல் தொகை போடப்பட்டது. பணம் முழுவதும் வெளிநாடுகளில்தான் முதலீடு செய்யப்படும். ஆண்டுதோறும் நிதியத்தின் எதிர்பார்க்கப்படும் வருவாயை மட்டுமே எடுக்கலாம் என்று 2001-இல் விதி வகுத்தார்கள். 4 சதவிகிதமாக இருந்த அந்த அளவு 2017-இல் 3 ஆகக் குறைக்கப்பட்டது. 55 லட்சம் மக்கள் வாழும் நாட்டின் அந்த நிதியம் இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கும் மேல். உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சராசரியாக ஒன்றரை சதவிகிதம் அதன் கையில் இருக்கிறது. எங்கே எவ்வளவு முதலீடு என்பதை யாரும் பார்க்கலாம்.

கடல் கேட்ட விலை

இந்தச் செல்வத்துக்கு உயிர்விலை கொடுத்தவர்கள் உண்டு. 1980 மார்ச் 27 மாலை, எக்கோஃபிஸ்க் வயலில் தொழிலாளர்கள் தங்கும் மிதக்கும் விடுதியாகப் பயன்பட்ட ‘அலெக்சாண்டர் கீலாண்ட்’ மேடை புயலில் நின்றிருந்தது. ஐந்து கால்களில் ஒன்று முறிந்தது. சில நிமிடங்களில் மேடை சாய்ந்து, சற்று நேரத்தில் முழுவதுமாகக் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டார்கள். தாங்கு குழாய் ஒன்றில், கருவி பொருத்துவதற்காக வைத்த பற்றவைப்பில் தொடங்கிய சிறு விரிசல், அலை அடிக்க அடிக்க வளர்ந்திருக்கிறது என்றது விசாரணை ஆணையம்.

அந்த விடை உறவினர்களுக்குப் போதவில்லை. பொறுப்பு யாருடையது, உயிர்காப்புப் படகுகளில் பல ஏன் பயன்படவில்லை என்று நாற்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-இல் தலைமைத் தணிக்கை அலுவலகம், விபத்துக்குப் பிறகு அரசு அமைப்புகள் நடந்துகொண்ட விதத்தையும் உயிர் பிழைத்தவர்களையும் குடும்பங்களையும் கவனிக்கத் தவறியதையும் கடுமையாகக் கண்டித்தது.

கடலடியில் குழாய் பதித்த முக்குளிப்பாளர்களின் கதையும் அப்படியே. ஆழத்திலிருந்து எவ்வளவு மெல்ல மேலேற வேண்டும் என்ற அட்டவணைகளை நிறுவனங்கள் வியாபார ரகசியமாக வைத்திருந்தன. பலருக்கு மூளை, நரம்பு, நுரையீரல் பாதிப்பு. நார்வே நீதிமன்றங்களில் தோற்றவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். தங்கள் உயிருக்கு வரும் ஆபத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பை அரசு அவர்களுக்கு உறுதிசெய்யவில்லை என்று 2013-இல் அந்த நீதிமன்றம் நார்வேயைக் குற்றம் சொன்னது.

உலகையே சூடாக்கும் எண்ணெயை விற்றுச் சேர்த்த செல்வம் இது என்ற கேள்வியும் நாட்டுக்குள்ளேயே எழுந்துவிட்டது. வடதுருவக் கடலில் புதிய உரிமங்கள் கொடுத்ததை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கை 2020-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஆல்டா ஆற்றங்கரையில்

நார்வேயின் வடக்கில் வாழும் தொல்குடிகள் சாமி இன மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவர்களை ‘நார்வேஜியராக்கும்’ கொள்கையை அரசு நடத்தியது. பள்ளிகளில் சாமி மொழி ஒடுக்கப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வைக்கப்பட்டார்கள். ஃபின்மார்க்கில் நிலம் வாங்க நார்வேஜிய மொழியில் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று 1902-இல் ஒரு சட்டமே வந்தது. தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டால்தான் அவர்கள் பிழைப்பார்கள் என்று பெற்றோர்களே நினைக்கும் அளவுக்கு அது வேரோடியது.

வடக்கே ஆல்டா ஆற்றில் நீர்மின் அணை கட்டும் திட்டம் சாமி மக்களின் பொறுமையை உடைத்தது. முதல் திட்டத்தில் மாசே என்ற சாமி கிராமமே நீரில் மூழ்கும். எதிர்ப்பு எழுந்ததும் கிராமத்தைத் தவிர்த்துத் திட்டத்தைச் சுருக்கினார்கள். பனிமான் மேய்ச்சல் நிலங்களின் கவலை தீரவில்லை. 1979 அக்டோபரில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோ வந்து, நாடாளுமன்றத்தின் எதிரிலேயே தங்கள் மரபுக் கூடாரத்தை அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், உறைபனியில் சங்கிலிகளால் தங்களைப் பிணைத்துக்கொண்டு சாலையை மறித்த போராட்டக்காரர்களை அகற்ற சுமார் 600 போலீஸார் கொண்டுவரப்பட்டார்கள். பிப்ரவரியில் குரோ ஹார்லம் ப்ருன்ட்லாண்ட் நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்ற சில நாட்களில், 14 சாமிப் பெண்கள் அவர் அலுவலகத்துக்குள்ளேயே அமர்ந்து வெளியேற மறுத்தார்கள்.

அணை கட்டப்பட்டது. போராட்டம் தோற்றதாகத் தோன்றியது. ஆனால், இந்த நிலத்தில் சாமி மக்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியை இனி யாராலும் ஒதுக்க முடியவில்லை. அரசியலமைப்பில் 1988-இல் அவர்களுக்கென ஒரு பிரிவு சேர்ந்தது. 1989-இல் காரஷோக் ஊரில் சாமி நாடாளுமன்றத்தை மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார். 1997-இல் அவர் மகன் மன்னர் ஹாரால்ட், அரசு இழைத்த அநீதிக்காக அங்கே மன்னிப்புக் கேட்டார். 2018-இல் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஐந்து ஆண்டுகள் சாட்சியங்களைக் கேட்டு அறிக்கை தந்தது. 2024 நவம்பர் 12 அன்று ஸ்டோர்டிங், சாமி, க்வென் உள்ளிட்ட சிறுபான்மை மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

மன்னிப்பு ஒரு பக்கம் இருக்க, நடைமுறை வேறாக இருக்க முடியும் என்பதற்கு ஃபோசென் பகுதி சாட்சி. அங்கே கட்டிய காற்றாலைகள் சாமி மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 500 நாட்கள் ஆகியும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் எண்ணெய் மற்றும் எரிசக்தி அமைச்சகத்தை மறித்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகே அரசு மன்னிப்புக் கேட்டு, இழப்பீட்டு ஒப்பந்தங்களுக்கு வந்தது. தீர்ப்பை அமல்படுத்தவும் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

2011 ஜூலை 22

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.25 மணிக்கு ஆஸ்லோவின் அரசு அலுவலக வளாகத்தில் குண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதை வைத்த தீவிர வலதுசாரி இளைஞன், போலீஸ் உடையில் உட்டோயா தீவுக்குப் போனான். அங்கே தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுட்டுத் தள்ளினான். 69 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். புலம்பெயர்ந்தோரை வரவேற்கும் நார்வேயைத்தான் அவன் கொல்ல நினைத்தான்.

கூடுதல் ஜனநாயகமும் கூடுதல் திறந்த மனமும்தான் நம் பதில் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பெர்க். அந்தச் சொல்லுக்கு உரைகல்லாக அமைந்தது அடுத்த ஆண்டு வெளியான விசாரணை ஆணைய அறிக்கை. அது யாரையும் தப்பவிடவில்லை. அரசு வளாகத்தை ஒட்டிய தெருவை வாகனங்களுக்கு மூட வேண்டும் என்று 2004-லேயே முடிவானது, அது நிறைவேறியிருக்கவில்லை. குண்டு வெடித்த பத்து நிமிடங்களில் ஒருவர் போலீஸை அழைத்து, சந்தேகத்துக்குரியவனின் அடையாளத்தையும் வண்டி எண்ணையும் சொன்னார். அது ஒரு துண்டுச்சீட்டில் எழுதப்பட்டு மேசையில் கிடந்தது. தீவுக்குப் புறப்பட்ட போலீஸ் படகு பாரம் தாங்காமல் நின்றுவிட்டது. குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம், கொலையாளியை முன்னரே நிறுத்தியிருக்கலாம் என்றது ஆணையம். போலீஸ் தலைவர் சில நாட்களில் பதவி விலகினார்.

குற்றவாளிக்கென்று தனிச் சட்டம் எழுதவில்லை. பொது நீதிமன்றத்தில் பத்து வாரம் விசாரணை. கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் வாழ்க்கையும் அங்கே சொல்லப்பட்டன. மனநலம் சரியாக இருந்தது என்று தீர்ப்பு. ஆபத்து நீடிக்கும்வரை நீட்டிக்கக்கூடிய 21 ஆண்டுத் தடுப்புச் சிறை. 2015-இல் உட்டோயாவில் இளைஞர் முகாம் மீண்டும் கூடியது.

அந்தத் தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே வந்த காம்ஸி குணரத்தினமும் ஒருவர். 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021-இல் ஸ்டோர்டிங்குக்குத் தேர்வானார். கொலையாளி எந்த நார்வேயை அழிக்க வந்தானோ, அந்த நார்வேயின் சட்டம் இயற்றும் அவையில் ஈழத் தமிழ்ப் பெண் உட்கார்ந்தார்.

தமிழர்களின் காயமும் ஓர் அறிக்கையும்

தமிழர்களுக்கு நார்வே என்றதும், இலங்கை அமைதி முயற்சியில் அதன் தூதராக இருந்த எரிக் சொல்ஹைம் பெயரும், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். அந்த முயற்சி நொறுங்கியதையும் 2009-இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் நடந்ததையும் எந்தத் தமிழரும் மறக்கவில்லை. நார்வே மீதான ஆற்றாமை இன்றும் பலரிடம் உண்டு. அந்த ஆற்றாமைக்குக் காரணம் இருக்கிறது.

தன் அமைதி முயற்சியை மதிப்பிடும் பொறுப்பை நார்வே அரசின் உதவி நிறுவனமே வெளி ஆய்வாளர்களிடம் கொடுத்தது. 2011 நவம்பரில் அறிக்கை வெளியானது. முயற்சி தோல்வி என்று அது மழுப்பாமல் சொன்னது. நார்வேயின் கணிப்புகளில் இருந்த பிழைகளையும் எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கையால் மாண்ட ஒருவரும் திரும்பவில்லை, நீதியும் கிடைக்கவில்லை. ஆனாலும், அந்தப் போரில் தொடர்புடைய அரசுகளில் தன் பங்கைப் பிறர் கையில் கொடுத்து ஆராயச் சொல்லி, வந்த விமர்சனத்தை அப்படியே வெளியிடும் துணிவு மிக அரிது.

நார்வேயின் இந்த வழக்கத்தைப் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்ந்தால் அது பாதி உண்மை. மன்னிப்புக் கேட்கும் மனம் அங்கே பிறப்பிலேயே வந்துவிடவில்லை. ஆவணங்களை அழிக்காமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் தேடியபோது கிடைத்தன. விசாரணைக் குழுவில் மாற்றுக் கருத்துக்கு இடம் இருந்தது. இருவர் எழுதிய அறிக்கை பெரும்பான்மையை வென்றது. தணிக்கை அலுவலகம் அரசைத் தட்டிக் கேட்க முடிந்தது. உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் எல்லை தாண்டி நீதிமன்றம் போக முடிந்தது. போராட்டக்காரர்களை அப்புறப்படுத்திய அரசு, பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசவும் செய்தது. இவை அனைத்தும் அமைப்புகள். எந்த நாடும் முயன்றால் உருவாக்கிக்கொள்ளக்கூடியவை. பணக்கார நாட்டுக்கு மட்டும் உரியவை என்று சொல்லவும் முடியாது. 1905-இல் பிரிந்தபோது நார்வே இன்றுபோல் பணக்கார நாடு அல்ல.

அந்த நாட்டின் பெருங்குறை தாமதம். மாலுமிகள் 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கீலாண்ட் குடும்பங்கள் 41 ஆண்டுகள். முகாமில் அடைபட்ட பெண்கள் 73 ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் போன பின் வரும் மன்னிப்பு வரலாற்றுக்குப் பயன்படும், அவருக்குப் பயன்படாது. ஆகவே நார்வேயிடமிருந்து கற்க வேண்டியதை முழுதாகக் கற்போம். ஒவ்வோர் அரசிடமும் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். ஆவணங்களைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? உங்களை மறுத்து எழுதும் ஆணைய உறுப்பினரின் அறிக்கையை வெளியிடுவீர்களா? பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே ஈடு செய்வீர்களா? முதல் இரண்டுக்கும் நார்வே பெரும்பாலும் ஆம் என்று பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவதற்கு அதுவும் இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும்.